பாக்கியத்தின் தாடியும் பாத்தேக் மெழுகும்

12.3.1989 என்று தேதியிட்ட கடிதம் ஒன்று மூன்று வாரமாக என் மேசைமேல் கிடக்கிறது. எழுதியவர் சாந்தி. என் கடையில் வேலை பழகியவர்; இப்போது பிடோக்கில் சொந்தமாக அழகு நிலையம் நடத்துகிறார். நலம் விசாரித்த பிறகு கடிதத்தில் இப்படி ஒரு பத்தி வருகிறது:

"அக்கா, போன வாரம் கடைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். ஜப்பான்காரன் காலத்தில் வேக்ஸிங் இருந்ததா என்று ஒருத்தி கேட்டாள். சோற்றுக்கே வழியில்லாத காலத்தில் கை கால் முடியைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள், இருந்திருக்காது என்று சொல்லிவிட்டேன். சரிதானே?"

சரியில்லை, சாந்தி. இருந்தது. நான் செய்தேன்.

ஒரு வரியில் பதில் எழுதி இன்றே தபாலில் சேர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரி நீண்டுவிட்டது. எனக்கு நாள் கிழமை பார்த்து எழுதுவதே பழக்கம். ஆகவே நான் கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே எழுதுகிறேன். நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1940இல். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், கீழே நாவிதர் கடை, மாடியில் எங்கள் கடை. உரிமையாளர் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ விதவை. கணவர் ஏதோ அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து இறந்தவர். அதன்பின் ஆர்ச்சர்ட் சாலையில் ஐரோப்பியப் பெண்களுக்கு அழகு செய்த ஒரு வெள்ளைக்கார அம்மையாரிடம் வேலை பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டு, நம் பெண்களுக்காகத் தனிக்கடை திறந்தார். அவரை எல்லாரும் மிஸிஸ் பொன்னையா என்பார்கள். கடைக்குள் வெறும் மிஸிஸ்.

பழகிய காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துணி கிழித்தேன், சட்டி கழுவினேன், கரி அடுப்புக்கு விசிறினேன். பிறகு ஒரு நாள் மிஸிஸ் என் முழங்கையைப் பிடித்து, என் கையிலேயே எனக்கு மெழுகு வைத்து இழுத்துக் காட்டினார். அவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

இப்போது நீங்கள் மெழுகைத் தடவி, தாளை ஒட்டி, இழுத்து, தாளோடு குப்பையில் போட்டுவிடுகிறீர்கள். அன்று ஒரு துளி மெழுகும் குப்பைக்குப் போகாது. ஒருமுறை வைத்து எடுத்த மெழுகை மறுபடி உருக்கி, மல் துணியில் வடித்து, முடியெல்லாம் போன பிறகு நன்றாகக் கொதிக்கவைத்து, மறுபடி பயன்படுத்துவோம். முகத்துக்கு ஒரு சட்டி, கை காலுக்கு ஒரு சட்டி. இரண்டும் கலந்தால் மிஸிஸுக்குக் கோபம் வரும். சாந்தி, நீங்கள் முகம் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அன்று நான் அறிந்த எல்லாக் கடைகளிலும் அதுதான் வழக்கம்.

முடி ஓர் அரிசி நீளம் இருக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் மெழுகு பிடிக்காது, கூடினால் வலி கூடும். முடி வளரும் திசையில் தடவவேண்டும், எதிர்த்திசையில் இழுக்கவேண்டும். இழுப்பதும் தோலை ஒட்டினாற்போல் இருக்கவேண்டும். மேலே தூக்கி இழுத்தால் முடி பாதியில் அறுந்து வேர் உள்ளேயே நின்றுவிடும்.

இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். மிஸிஸிடம் மட்டும் இருந்த ஒன்றைச் சொல்கிறேன். மெழுகு வைத்துவிட்டு, வந்தவரிடம் மிகவும் அக்கறையாக ஒரு கேள்வி கேட்பார்: "நேற்று வீட்டில என்ன கறி?" அந்தப் பெண் யோசித்து, "மீன்" என்று வாயைத் திறப்பாள். 'மீ' என்றதும் இழுத்துவிடுவார். பதில் சொல்ல வாய் திறக்கும் நேரத்தில் உடம்பு இறுகியிருக்காது என்பது அவர் கணக்கு. எங்கள் கடையில் யார் வீட்டுக் கறியும் முழுதாகச் சொல்லப்பட்டதில்லை.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. கடை சில மாதங்கள் மூடிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது அவர்கள் வைத்த ஊர் பெயர் சியோனான், அவர்கள் கணக்கில் ஆண்டு 2602, கடிகாரம் தோக்கியோ நேரப்படி ஒன்றரை மணி முன்னால் ஓடியது. யார் வரப்போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். கல்யாணப் பெண்கள் வந்தார்கள். வயது வந்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, கிடைத்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த காலம் அது. மேளம் இல்லை, விருந்து இல்லை. பெண்ணுக்கு முகமும் கையும் மட்டுமாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று தாய்மார்கள் மாடியேறி வந்தார்கள்.

ஆள் வந்தது, மெழுகு இல்லை. வெளிநாட்டு டின் தீர்ந்துபோனது. சீனியையும் எலுமிச்சைச் சாற்றையும் காய்ச்சிச் செய்யும் பாகு மிஸிஸுக்குத் தெரியும், ஆனால் சீனி பங்கீட்டுக்குப் போய்விட்டது. குலா மலாக்கா என்னும் தென்னை வெல்லத்தைக் காய்ச்சிப் பார்த்தோம். அது முடியைப் பிடிக்கவில்லை, எறும்பைப் பிடித்தது. கடை முழுக்கச் சிற்றெறும்பு. மிஸிஸ் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இது மெழுகில்லைப் பிள்ளை, பாயாசம். குடிச்சுப்போட்டுச் சட்டியைக் கழுவும்" என்றார். குடித்தேன். அந்த ஆண்டு நான் சுவைத்த மிகச் சிறந்த பண்டம் அதுதான்.

வழி கிடைத்தது அரபுத் தெருவுக்குப் பின்னால். துணியில் மெழுகால் பூ வரைந்து சாயமேற்றும் பாத்தேக் போடும் மலாய் மாது ஒருவர் அங்கே இருந்தார். அவரிடம் மெழுகு இருந்தது, போடுவதற்குத் துணி இல்லை. எங்களிடம் ஆள் இருந்தது, மெழுகு இல்லை. பாத்தேக் மெழுகு தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்ந்தது. முரட்டுச் சரக்கு. அதிகச் சூட்டில்தான் இளகும், சீக்கிரம் இறுகும், தோலை விடாது. தேங்காய் எண்ணெய் சேர்த்து அதை இளக்கினோம்.

இழுப்பதற்கும் துணி இல்லை. உடுத்தத் துணி இல்லாத ஊரில் யார் துணியைக் கிழிப்பது? மெழுகைக் கனமாகத் தடவி, ஓரம் இறுகியதும் நகத்தால் தூக்கி, மெழுகையே பிடித்து இழுக்கும் முறையை மிஸிஸ் கண்டுபிடித்தார். துணியில்லாமல் மெழுகு வைப்பதைப் புது முறை என்று இப்போது சொல்கிறார்களாம். துணியே இல்லாததால் நாங்கள் செய்தது அது.

கறிக் கேள்வியும் கெட்டுப்போனது. "நேற்று என்ன கறி?" என்றால் எல்லாரும் ஒரே மூச்சில் "மரவள்ளி" என்றார்கள். யோசிக்க ஒன்றுமில்லாததால் உடம்பு தளரவில்லை. மிஸிஸ் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றினார்: "சண்டை முடிஞ்சு சாமான் எல்லாம் கிடைச்சால் முதல்ல என்ன சமைப்பீங்கள்?" அதற்குப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்கள். மிஸிஸின் வேலை எளிதானது.

இனி பாக்கியத்தின் கதை.

போருக்கு முன் இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, முன் படியில் வராமல் பின்பக்கத்து இரும்புச் சுழல்படியில் ஏறி வருவார் பாக்கியம். அப்போது அவருக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். தாய் தந்தை இல்லை. பஃபலோ சாலைக்குப் பின்னாலிருந்த ஒரு வரிசை வீட்டில் ஒரு தம்பதி காலிசெய்த அறையில் இரண்டு தங்கைகளை வைத்துக்கொண்டு, இட்லி அவித்து விற்றுவந்தார். முத்தையா என்று ஓர் அண்ணன். அவர் போருக்கு முன்பே பினாங்குக்கு வேலைக்குப் போய், பிறகு தகவலே இல்லை.

பாக்கியத்துக்குத் தாடி வளர்ந்தது. மீசைக் கோடு, நாலைந்து முடி என்பதெல்லாம் அல்ல. காதோரத்திலிருந்து மோவாய் வரை ஆண்பிள்ளைக்கு வளர்வதுபோல் அடர்த்தியாக வளரும். மருத்துவரிடம் காட்டியும் பலனில்லை. கழுத்தை நிமிர்த்திக் கண்ணை மூடி உட்காருவார். வேலை முடியும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். கறிக் கேள்விக்கு மட்டும் பதில் வரும்.

ஊர் விழுந்த பிறகு அவர் வரவேயில்லை. ஒரு நாள் தேக்கா சந்தையில் அரிசி வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் கட்டம் போட்ட சாரமும் வெள்ளைச் சட்டையுமாகத் தாடிக்காரர் ஒருவர். அவர் திரும்பி, மெல்லிய குரலில், "தனம், அரிசியில கல்லு இருக்கும், பாத்து வாங்கு" என்றார்.

குரலைக் கேட்டதும்தான் ஆள் யாரென்று தெரிந்தது. "பாக்கியக்கா!"

"முத்தையாண்ணேன்னு கூப்பிடு லா. நாலு பேரு காதுல விழுது" என்று சிரித்தார். "அண்ணன் சட்டைதான். கைதான் நீளம். தங்கச்சிங்க ரெண்டையும் வெளியவே விடறதில்ல. அரிசி, விறகு, தண்ணி எல்லாம் முத்தையாதான் கொண்டு வர்றான்." பிறகு தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "பத்து வருஷமா இதைச் சபிச்சேன் தனம். இப்ப தினம் எண்ணெய் தடவி வளக்கிறேன்."

அந்த வரிசையில் பெண்களுக்கு நடந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன், இங்கே எழுதவில்லை. முத்தையாவை யாரும் தொடவில்லை. பக்கத்து அறைப் பெண்களின் பங்கீட்டையும் அவரே வாங்கிக் கொடுத்ததாக அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வரிசை வீட்டுக்கு விஷயம் தெரியும். வெளியே தெரியாது. மிஸிஸிடம் சொன்னேன். "நல்லது. வளரட்டும்" என்றார். "எங்களுக்கு ஒரு வேலை குறைஞ்சுது."

1943ஆம் ஆண்டின் நடுப்பகுதி. மாதம் உறுதியாக நினைவில்லை. வியாழக்கிழமை என்பது நிச்சயம், ஏனென்றால் அரபுத் தெருவுக்கு மெழுகு எடுக்க நான் போவது புதன்தோறும்; சட்டியில் மெழுகு நிறைய இருந்தது. காலையில் பின்படியில் காலடிச் சத்தம். சாரமும் சட்டையுமாகப் பாக்கியம்.

"மிஸிஸ், தாடியை எடுக்கணும். இன்னிக்கே எடுக்கணும்."

"இரும். மூச்சை விட்டுப்போட்டுக் கதையும்."

விஷயம் இதுதான். ஜப்பானியர் தெருவுக்குத் தெரு ஒரு தலைவரை வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்துக்குப் புதிதாக வைத்தவர் ஒரு தையற்காரர், தமிழ் முஸ்லிம்; டெய்லர் நானா என்பார்கள். நாகூர்ப் பக்கத்துக்காரர். தெருவிலிருந்து இத்தனை ஆண்பிள்ளைகள் வேலைக்கு வரவேண்டும் என்று அவருக்குக் கட்டளை. சயாமில் ரயில் பாதை போட என்று பேச்சு. போனவர்கள் யாரும் கடிதம் போடவில்லை. முதல்நாள் மாலை நானா வரிசை வீட்டுக்கு வந்து, "முத்தையா, உங்க பேரும் இருக்கு வாப்பா. நாளன்னிக்குக் காலையில ராணுவத்தோட வூடு வூடா வருவேன். ரெண்டு துணிமணி எடுத்து வைங்க" என்று சொல்லிப் போயிருக்கிறார்.

பாக்கியம் ஒரு முடிவோடு வந்திருந்தார். முத்தையாவை நேற்றே ஜாலான் புசாரில் லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிடுவது. அங்கே ஆள் பிடிப்பது ஊரறிந்த செய்தி. வீட்டில் மூன்று பெண்கள் மட்டும் இருக்கவேண்டும். மூத்தவளும் பெண்ணாக இருக்கவேண்டும்.

"கீழ நாவிதரிட்டப் போனால் கெதியா வழிச்சுவிடுவாரே" என்றேன் நான், மிஸிஸைப் போலவே பேசி. அவசரத்திலும் எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

மிஸிஸ் சிரிக்கவில்லை. பாக்கியத்தின் தாடையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். "வழிச்சால் நாளைக்குக் காலமை பச்சையாய்த் தெரியும். தொட்டால் சொரசொரக்கும். சேலை கட்டின ஆம்பிளை எண்டுதான் நினைப்பாங்கள். ஒளிச்சவன் எண்டு பிடிச்சால் இரயில் பாதைக்குக்கூட அனுப்பமாட்டாங்கள்." பிறகு என்னைப் பார்த்து, "வேரோட எடுக்கவேணும். அடுப்பை மூட்டும்" என்றார்.

அன்று வந்த மற்றவர்களைத் திருப்பி அனுப்பினோம். சிவப்பும் வீக்கமும் தணிய ஓர் இரவாவது வேண்டும் என்பதால் மதியத்துக்குள் முடித்தாகவேண்டும். முதலில் கத்தரிக்கோலால் தாடியை அரிசி நீளத்துக்கு வெட்டினேன். வெட்டியது மடியில் ஒரு பூனைக்குட்டி அளவு கிடந்தது. பிறகு முகத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அரிசிமாவை லேசாகப் பூசினேன். அரிசிமாவு வீணாகிறதே என்று பாக்கியம் வருந்தினார். தாடி போகிறதே என்று வருந்தவில்லை.

பாத்தேக் மெழுகை முகத்தில், அதுவும் அந்த அடர்த்திக்கு, நாங்கள் வைத்ததில்லை. சூடு குறைந்தால் முரட்டு முடியைப் பிடிக்காது. கூடினால் தோல் வெந்துவிடும். மிஸிஸ் கரண்டியிலிருந்து ஒரு துளியைத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்த்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. "ஆறட்டும்" என்றார். அடுத்த துளியையும் அதன் பக்கத்திலேயே விட்டார். மூன்றாவது துளிக்குத்தான் "இப்ப சரி" என்றார். முதல் துளி விழுந்த இடம் கொப்புளித்திருந்ததை நான் மாலையில்தான் கண்டேன்.

இரண்டு விரல் அகலத்துக்கு மேல் ஒருமுறைக்கு வைக்கவில்லை. நான் தோலை இறுக்கிப் பிடிப்பேன், அவர் தடவுவார். ஓரம் இறுகியதும் நகத்தால் கிளப்புவார்.

"சண்டை முடிஞ்சால் முதல்ல என்ன சமைப்பீர்?"

"இட்லி..."

இழுத்தார். பாக்கியத்தின் கால்விரல்கள் மடங்கின. உடனே உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தேன். அதுதான் என் வேலை.

"இட்லிக்கு என்ன?"

"தேங்கா சட்..."

"பிறகு?"

"வஞ்சிர மீனு வறு..."

"அதுக்குப் பிறகு?"

"நண்டு. நண்டு ரசம். மிளகு நெறயா..."

"மிளகு எங்க வாங்குவீர்?"

"தேக்காவுல, வேற எங்..."

இப்படியே காதோரத்திலிருந்து தாடை, தாடையிலிருந்து மோவாய் என்று ஒரு கல்யாண விருந்தே போனது. மட்டன் குழம்பு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, பருப்பு வடை, பால் பாயாசம். எதுவும் பரிமாறி முடியவில்லை. எனக்கு வாயில் எச்சில் ஊறியது; கண்ணில் நீரும் வந்தது. மோவாய்க்குக் கீழே கடைசித் துண்டு இருந்தது. மிஸிஸ் மெழுகை வைத்துவிட்டு, "கடைசியா?" என்றார்.

"நெய்ச்சோறு" என்றார் பாக்கியம். மிஸிஸ் இழுக்கவில்லை. "எங்க அண்ணன் பினாங்குக்குப் போன அன்னிக்குக் கேட்டான். அடுத்த தரம் வாடா, போடறேன்னு அனுப்பிட்டேன். முந்திரி இல்லன்னு."

சொல்லி முடித்துக் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். அப்போதுதான் மிஸிஸ் இழுத்தார். எங்கள் கடையில் முழுதாகச் சொல்லப்பட்ட ஒரே பண்டம் அந்த நெய்ச்சோறு.

முகத்தைத் துடைத்து நிமிர்த்தியதும் மூவரும் கண்ணாடியைப் பார்த்தோம். 

நாங்கள் மூன்று பேருமே யோசிக்காத ஒன்று நடந்திருந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக வெயிலில் வரிசை நின்ற முகம் அது. நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் கறுத்திருந்தன. தாடி இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்துக் கிடந்தது. தாடி போய்விட்டது, தாடியின் உருவம் அப்படியே நின்றது. கறுப்பில் வளர்ந்த தாடி இப்போது வெள்ளையில் வளர்ந்திருந்தது போல.

"போச்சு" என்றார் பாக்கியம். அழவில்லை. "வேரோட எடுத்தும் விடமாட்டேங்குது பாருங்க."

மெழுகு வைத்த தோலில் ஒரு நாளைக்கு எதையும் பூசக்கூடாது என்பது மிஸிஸின் கண்டிப்பான விதி. பவுடர் கேட்டு அடம்பிடித்த கல்யாணப் பெண்களை அவர் திட்டி அனுப்பியிருக்கிறார். அன்று அந்த விதியை அவரே மீறினார். "நான் வேதக்காரி, பூசுறதில்லை. உங்கட ஆக்கள் மஞ்சள் பூசுறவையெல்லோ?" என்றார்.

"எரியுமே மிஸிஸ்" என்றேன்.

"எரியும்" என்றார்.

பாக்கியத்தின் வீட்டுப் பின்புறம் மரவள்ளிக்கு ஓரமாக மஞ்சள் போட்டிருந்தார்கள். முக்காட்டைப் போட்டு அவரைப் பின்படியில் அனுப்பிவைத்தோம். மறுநாள் காலையில் தோலைப் பார்த்துவிட்டு வரும்படி மிஸிஸ் என்னையும் போகச் சொன்னார்.

போனபோது பாக்கியம் அண்ணனின் சாரத்தையும் சட்டையையும் அடுப்பில் எரித்துவிட்டு, பச்சை மஞ்சளை அரைத்து நெற்றியிலிருந்து கழுத்துவரை பூசிக் கழுவி, சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். கறுப்பும் வெளுப்பும் ஒரே மஞ்சளுக்குள் போயிருந்தன. ஆனால் தாடையில் வரிசையாகச் சிவப்புப் பொரி எழும்பியிருந்தது. தங்கைகள் இரண்டும் அவருக்குப் பின்னால்.

நானாவும் ஒரு சிப்பாயும் வந்தார்கள். சிப்பாய் வாசலிலேயே நின்றான். நானா உள்ளே எட்டிப் பார்த்து, "முத்தையா?" என்றார்.

"அண்ணனை நேத்து ஜாலான் புசார்ல லாரியில ஏத்திட்டாங்களாம் நானா. வரிசையில நின்னவங்க வந்து சொன்னாங்க."

"நீங்க?"

"மூத்த தங்கச்சி."

"பாத்ததில்லையே."

"வெளிய வர்றதில்ல நானா."

நானா அவர் முகத்தைப் பார்த்தார். அது துணியைப் பார்க்கும் பார்வை. "தாடையில என்னம்மா, செவந்து கெடக்கு?"

"எறும்பு கடிச்சிருச்சு. அதுக்குத்தான் மஞ்சள் போட்டேன்."

"எறும்பா?" என்றார் நானா. "இந்தப் பக்கம் காதோரத்துலேருந்து அந்தப் பக்கம் காதோரம் வரைக்கும், அளவெடுத்த மாதிரிக் கடிச்சிருக்கே."

 பாக்கியம் தலையைக் குனியவில்லை. மெழுகு வைக்கும்போது நிமிர்வதுபோலவே நிமிர்ந்து இருந்தார். வாசலில் நின்ற சிப்பாய் என்னவோ கேட்டான். நானா திரும்பி, தெரிந்த ஜப்பானிய வார்த்தைகளை வைத்து ஏதோ சொன்னார். சிப்பாய் அடுத்த வீட்டுக்கு நடந்தான். நானா படியிறங்கும்போது, "தேங்கா எண்ணெ தடவுங்க தங்கச்சி, ஆறிரும்" என்று சொல்லிப் போனார்.

அதன்பிறகு போர் முடியும்வரை பாக்கியம் எங்களிடம் வந்தார். முத்தையா இல்லாததால் அரிசி வரிசைக்குப் பக்கத்து அறைக்காரர்கள் போனார்கள். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். அதற்கடுத்த தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பாக்கியம் முன்படியில் ஏறி, எல்லாரும் பார்க்க, கையில் தூக்குச்சட்டியோடு வந்தார். நெய்ச்சோறு. முந்திரி இல்லை, நிலக்கடலை போட்டிருந்தார். மிஸிஸ் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். கரண்டியைப் பிடித்த கையில், மணிக்கட்டின் உட்புறம், காசளவுக்கு ஒரு வழுவழுப்பான தழும்பு. பிறகு பாக்கியத்தை நாற்காலியில் உட்காரவைத்து, "நேற்று வீட்டில என்ன கறி?" என்று கேட்டார். சண்டை முடிந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முத்தையா 1946இல் பினாங்கிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தார். முகத்தில் தாடி இல்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு, சயாமிலிருந்து எப்படித் தப்பினாய் என்று கேட்டதில் மிரண்டுபோய், ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பாக்கியம் கடைசிவரை என்னிடம் வந்தார். மிஸிஸ் யாழ்ப்பாணம் திரும்பிய பிறகு கடை என் பொறுப்புக்கு வந்தது. நாற்காலியில் சாயும்போதெல்லாம், "மோவாயில கொஞ்சம் விட்டு வையேன் தனம், எந்த வரிசை எப்ப வருமோ" என்பார்.

1950களில் நானா டன்லப் தெருவில் தையல் இயந்திரம் போட்டிருந்தார். ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனவள், அன்று அவர் கண்டுகொண்டாரா என்று கேட்டேவிட்டேன். அவர் நூலை எச்சில்படுத்தி, முதல் முயற்சியிலேயே ஊசிக் காதில் நுழைத்தார். "எனக்கு அப்பவே கண்ணு சரியில்ல தங்கச்சி" என்றார்.

இன்னொன்றும் கேட்டேன். முத்தையாவின் பெயர் எண்ணிக்கையில் இருந்ததே, அந்த இடத்துக்கு என்ன செய்தீர்கள்? நானா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ரவிக்கை வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்குங்க" என்றார்.

சாந்தி, இவ்வளவும் நான் கண்டதும் சம்பந்தப்பட்டவர்கள் என்னிடம் நேரில் சொன்னதும். இனி வருவது கேள்விப்பட்டது மட்டுமே. அந்தத் தெருவிலிருந்து சயாம் போய்த் திரும்பிய இருவரிடம் பின்னாளில் தனித்தனியே விசாரித்தேன். அன்று ஓர் ஆள் குறைந்ததற்காக நானா ஜப்பானியர் அலுவலகத்தில் கன்னத்தில் அறை வாங்கினார், எண்ணிக்கை குறைவாகவே போனது என்றார் ஒருவர். சந்தைக்குப் பக்கத்தில் நின்றிருந்த, பெயர் தெரியாத ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு எண்ணிக்கையைச் சரிசெய்தார்கள் என்றார் மற்றவர். நூலகத்தில் தேடியதில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. முத்தையா என்ற பெயரில் அன்று வேறு யாராவது லாரியில் ஏறினார்களா, ஏறியிருந்தால் அவர் திரும்பி வந்தாரா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.